சல்லி மாற்றப் போன மீனம்மா

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் வெளிநாடு போய் வந்தவர்களை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். வந்ததும் லயத்து வீட்டுக்கு முன்னால் இரும்புக் கேட் போடுகிறவர்கள் ஒரு விதம். வந்ததும் "அங்கெல்லாம் அப்படி இல்லைங்க" என்று ஆரம்பிக்கிறவர்கள் மறு விதம். முதல் விதத்தாரிடம் போய் நின்றால் தேத்தண்ணியாவது கிடைக்கும். இரண்டாம் விதத்தாரிடம் நின்றால் பஸ் போய்விடும்.

மீனம்மா இரண்டிலும் சேராதவர். திருச்சிக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். வீட்டுக் கூரைத் தகரம் பழையபடிதான் இருக்கிறது. பேச்சும் பழையபடிதான். ஒரே ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, வாய்க்குள் சிரித்துக்கொண்டு, பிறகு சொல்கிறார். அந்தச் சொல் 'சல்லி'.

மலையகத்தில் பணத்துக்குச் சல்லி என்று பெயர். சிங்களக்காரரும் அப்படியே சொல்வதால், அந்தச் சொல்லுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படும் என்று இங்கே யாருக்கும் தோன்றியதில்லை. சல்லி இருக்கா, சல்லி இல்ல, சல்லி வந்துருச்சா. ஒரு தோட்டத்து வாழ்க்கையை இந்த மூன்றுக்குள் எழுதி முடித்துவிடலாம். எழுதுகிறவருக்கும் சல்லி மிச்சம்.

மீனம்மாவுக்கும் சல்லிக்கும் இருந்த உறவு வேடிக்கையானது. கல்யாணத்துக்கு முன்பே கொழுந்து பறிக்கப் போனவர். பென்ஷன் வயது வரை பறித்தார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடும்போது மீனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மழையில் நனைந்தது மீனம்மா. அட்டை கடித்தது மீனம்மாவின் காலை. சம்பளம் போடுகிற அன்றைக்கு மட்டும் பெண்சாதி சம்பளத்தையும் புருஷன் சேர்த்து வாங்குவது அந்தக் காலத்து வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா வாங்கினார், பின்னால் மாயாண்டி வாங்கினார். ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழே பெண்களெல்லாம் ஒரு கூட்டமாக நிற்பார்கள். உழைத்தவர்கள் கீழே, கைநாட்டுப் போட்டவர்கள் மேலே. அந்தக் காட்சியைப் படம் எடுத்து மாட்டியிருந்தால் பல கருத்தரங்குகளுக்குச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஆனால் அந்த நாளைப் பற்றி மீனம்மாவைக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். அன்றைக்கு ஆபீஸ் முன்னால் சின்னதாக ஒரு திருவிழாவே இறங்கும். வளையல்காரர் வருவார், சீத்தைத் துணிக்காரர் வருவார், சாயம் போட்ட இனிப்புச் சோளப்பொரி வரும். மாயாண்டி படியிறங்கி வந்து, "என்ன வேணும் கேளு" என்பார். கேட்டதை வாங்கித் தருவார். கஞ்சன் என்றோ குடிகாரன் என்றோ அவரை யாரும் சொன்னதில்லை. தேயிலை ஸ்டோரில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்ததால் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவரவர் சம்பளத்தை அவரவர் கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். மீனம்மா மேலே ஏறித் தன் கையால் வாங்குவார். கடைசிப் படி இறங்குவதற்குள் அது மாயாண்டியின் கைக்குப் போயிருக்கும். யாரும் பிடுங்கவில்லை. அந்தக் கை நீளும், இந்தக் கை கொடுக்கும். பழக்கம்.

கல்யாணமான புதிதில் ஒரு சித்திரை மாதம். நுவரெலியாவில் சீசன். குதிரைப் பந்தயமும் பூக்கண்காட்சியும் பார்க்க இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். மீனம்மா அதுவரை தலைக்குப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறியதில்லை. நசுங்குகிற கூட்டம். கொண்டக்டர் கிட்டே வரும்போது, புது மனைவிக்கு ஒரு ஆசை வந்தது.

"டிக்கெட்டு நான் எடுக்கட்டுமாங்க?"

மாயாண்டி சிரித்தாராம். "நீ எதுக்கு? நாந்தான் இருக்கேன்ல."

அன்பாகச் சொன்னதுதான். அதனால்தான் அந்த வார்த்தைக்குப் பதில் இல்லாமல் போயிற்று. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு பஸ்ஸில் எத்தனை தடவை போனார்களோ, அத்தனை தடவையும் அவர்தான் இருந்தார்.

இவர்கள் மகள் சர்மிளா கொழும்பில் நர்ஸ். அவள்தான் ஒரு நாள் ஃபோனில், இரண்டு பேரும் திருச்சிக்குப் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள், டிக்கெட் போட்டாயிற்று என்றாள். மாயாண்டிக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் லீவு என்றால் சாவு, கல்யாணம், காய்ச்சல் என்று மூன்று காரணம்தான் உண்டு. திருச்சியில் யாரும் சாகவில்லை, யாருக்கும் கல்யாணமில்லை, இவர்களுக்குக் காய்ச்சலுமில்லை.

"என்ன காரியமாப் போறோம்னு கேட்டா என்னா சொல்றது?" என்று கேட்டார்.

"ஒரு காரியமும் இல்லப்பா. சும்மா."

"சும்மாவா பிளேன்ல ஏத்துவாங்க?"

ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்னால் சர்மிளா இந்தியப் பணம் மாற்றி, இடுப்பில் கட்டுகிற துணிப் பையில் வைத்து, இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் அதற்குள்ளேயே திணித்து, அப்பாவின் வயிற்றில் கட்டிவிட்டாள். அம்மாவிடம், "எல்லாம் அப்பாட்ட இருக்கும்மா, நீங்க யோசிக்காதீங்க" என்றாள். படித்த பிள்ளை. நான்கு பேர் மெச்சுகிற நர்ஸ். அவளுக்கும் ஆபீஸ் படிக்கட்டு ஞாபகம் வரவில்லை.

மீனம்மா யோசித்தார். அவரிடமும் சல்லி இருந்தது. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி லீக்ஸ் போட்டு, மரக்கறி லொறிக்குக் கொடுத்துச் சேர்த்தது. அதை எப்படி அங்கே மாற்றுவது என்று டவுன் கடை இக்ராம் நானாவிடம் ரகசியமாகக் கேட்டார். நானா சேலை வியாபாரத்துக்காகச் சென்னைக்குப் போய் வருகிறவர். "அது லேசான வேல மீனம்மாக்கா. ஆட்டோக்காரன்கிட்ட சல்லி மாத்தணும்னு சொல்லுங்க, அவனே கூட்டிட்டுப் போவான்" என்றார். நானா சொன்னதில் பொய் இல்லை. அவர் இறங்குகிற தெருவில் இலங்கைக்காரர்கள் நடமாட்டம் அதிகம். அங்கே சல்லி என்றால் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். திருச்சியைப் பற்றி நானாவிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருச்சியில் முதல் ஆச்சரியம், ஊர் தட்டையாக இருந்தது. இங்கே வழி கேட்டால் மேலே போ, கீழே போ என்று சொல்வார்கள். அங்கே எவரைக் கேட்டாலும் "நேரா போங்க" என்றார்கள். எங்கே பார்த்தாலும் நேராகத்தான் இருந்தது. நடுவில் ஒரே ஒரு பாறை மட்டும் மலைக்கோட்டை என்ற பெயரில் நின்றது. அதன் படிகளில் ஏறும்போது மட்டும் மீனம்மாவுக்கு மூச்சு ஒழுங்காக வந்ததாம். மற்ற நேரமெல்லாம், கொழுந்துக்கூடை இல்லாமல் தட்டைத் தரையில் நடப்பது, படுத்துக்கொண்டே நடப்பது மாதிரி இருந்தது என்கிறார். கொண்டுபோன இரண்டு ஸ்வெட்டரும் லாட்ஜ் கட்டிலில் தலையணைக்கு உதவின.

இரண்டாவது ஆச்சரியம் மாயாண்டியினுடையது. தேத்தண்ணிக்கடை, பூக்கடை, செருப்புத் தைக்கிற இடம், எங்கேயும் "ஜீபேயா கேஷா?" என்று கேட்டார்கள். ஃபோனைக் காட்டிக் காசு கொடுக்கிற முறை அது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி மனைவியிடம், "இந்த ஊர்ல கடைக்குக் கடை ஒரு பேய் வச்சிருக்கானுங்க" என்றார். கேஷ் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் நடுத்தெருவில் சட்டையைத் தூக்கி இடுப்புப் பையைத் திறந்தார். விலையை இலங்கைக் கணக்குக்குப் பெருக்கிப் பார்த்தார். பெருக்கி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறியது. இந்த வேலைகளையெல்லாம் சந்தோஷமாகச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியூரில் வீட்டுக்காரியைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு திரிகிறோம் என்ற பெருமை, அந்தப் பையைவிடப் பெரிதாக வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஏற மட்டும் பயந்தார். தவறான பஸ்ஸில் ஏறினால் இந்தியா பெரிய நாடு, எங்கே கொண்டுபோய் விடுவானோ என்று எல்லா இடத்துக்கும் ஆட்டோவிலேயே போனார்கள்.

கடைசி நாளைக்கு முந்தின ராத்திரி மீனம்மா சொன்னார். "நாளைக்கு சீரங்கத்துக்கு பஸ்ல போவோங்க. டிக்கெட்டு நான் எடுக்குறேன்."

மாயாண்டி அதே பழைய சிரிப்பைச் சிரித்தார். "நீ எதுக்கு? நாந்தான் இருக்கேன்ல."

மீனம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். நாளை மறுநாள் பிளேன். ஊருக்குத் திரும்பினால் அந்த பஸ், அந்த ரோட்டு, அந்த மனுஷன், அந்தக் கை. ஒரே ஒரு தடவை தன் உழைப்புக் காசில் இந்த மனுஷனை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மிச்சமிருந்தது நாளைக்கு ஒரு நாள்தான்.

காலையில் மாயாண்டி சவரம் செய்துகொள்ள லாட்ஜுக்கு எதிர்ச் சலூனுக்குப் போனார். மீனம்மா லீக்ஸ் சல்லிச் சுருளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஒரு ஆட்டோவில் ஏறினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மீனம்மா யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசியிருந்தால் ஒரு ஆபத்தும் வந்திருக்காது. ஆட்டோக்காரர் உஷாராகி இரண்டு தரம் கேட்டிருப்பார். ஆனால் மலையகப் பேச்சு திருச்சி, மதுரைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த பேச்சு. மீனம்மா வாயைத் திறந்ததும் ஆட்டோக்காரருக்குத் தன் சொந்த அத்தை பேசுவது போல இருந்தது. எல்லாச் சொல்லும் அத்தையின் சொல்லாக இருக்கும்போது, நடுவில் ஒரு சொல் மட்டும் வெளிநாட்டுச் சொல் என்று அவர் எப்படிக் கண்டார்?

"சல்லி மாத்தணும் தம்பி. எங்க மாத்துவாங்கன்னு தெரியல, நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அங்கே ஜல்லி என்றால் கட்டடத்துக்குப் போடுகிற உடைகல். வேகமாகப் பேசினால் அதையும் சல்லி என்பார்கள்.

"வீடு கட்டுறீங்களாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

மீனம்மாவுக்கு அந்தக் கேள்வி அதிசயமாகப் படவில்லை. அக்கரப்பத்தனையில் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் பேசுகிற விஷயம் அது. "கட்டித் தாரோம்னுதான் தம்பி சொல்லியிருக்காங்க. ரொம்ப வருசமாச் சொல்றாங்க."

"மாத்தணும்ங்கிறீங்களே, எறக்குனது சரியில்லையா?"

"எங்க சல்லி இங்க செல்லாதாமே."

"செல்லாதுதான். தூசியக் கலந்து அடிச்சிருப்பானுங்க. நான் நல்ல எடமா கூட்டிட்டுப் போறேன், ஒக்காருங்க."

இப்படி இரண்டு நல்ல மனிதர்கள், ஒருவரை ஒருவர் முழுக்கப் புரிந்துகொண்டு, ஊருக்கு வெளியே போனார்கள்.

பைபாஸ் ரோட்டோரம் ஒரு பெரிய வெட்டவெளி. அதில் கருங்கல் உடைகல் குன்று குன்றாகக் குவிந்திருந்தது. தட்டையான ஊரில் இத்தனை மேடு ஓரிடத்தில் இருக்கிறதே என்று மீனம்மா ஆசையாகப் பார்த்தார். இங்கே சல்லி மாற்றும் கடை இவ்வளவு பெரிதா என்றும் நினைத்துக்கொண்டார். தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. ஆட்டோக்காரர் முன்னால் போய், அம்மா ஜல்லி மாற்ற வந்திருக்கிறார், வேறு யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று சிபாரிசு செய்தார்.

"எத்தன யூனிட்டும்மா?"

"கொஞ்சந்தாங்க இருக்கு."

"முக்காலா, ஒன்றரையா?"

அது கல்லின் அளவு. மீனம்மா அதை மாற்று விலை என்று எடுத்துக்கொண்டார். "முழுசா மாத்திக் குடுங்கய்யா, புண்ணியமாப் போகும்."

முதலாளிக்குக் கொஞ்சம் குழம்பியது. "எந்த ஊரு ஜல்லிம்மா அது?"

"இலங்கைச் சல்லிங்க."

கொட்டகையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். "இலங்கையிலேருந்தா? அத எதுலம்மா கொண்டாந்தீங்க?"

"ரவிக்கைலங்க" என்றார் மீனம்மா.

சொல்லிவிட்டு, திரும்பி நின்று, சுருளை எடுத்து மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அங்கே வியாபாரம் நடக்கவில்லை. கல் ஏற்ற வந்த லாரி டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, என்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆட்டோக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜல்லி என்றால் இங்கே கல் என்று சொன்னதும் மீனம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. ஆட்டோவுக்குக் கொடுக்கவே கையில் இந்தியக் காசு இல்லை.

முதலாளி, இதையெல்லாம் மாற்ற டவுனில் கடை இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டும் என்றார். பாஸ்போர்ட் எங்கே?

"அவருகிட்டங்க."

"காசு?"

"எங்கிட்டங்க."

"அவரு எங்கம்மா?"

"சவரம் பண்ணப் போயிருக்காருங்க. அவருக்குத் தெரியாமத்தான் வந்தேன். சீரங்கத்துக்கு ரெண்டு டிக்கெட்டு எடுக்கணும், எங்காசுல. அதுக்குத்தாங்க."

முதலாளி சுருளைப் பிரித்துப் பார்த்தார். நடுவில் ஒரு பழைய நூறு ரூபாய் நோட்டு இருந்தது. செம்மஞ்சள் நிறம், செங்குத்தாகப் பார்க்க வேண்டிய படம். இப்போது அந்த நோட்டுக் கைக்கு வருவது அபூர்வம். அதில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க யாரும்மா?"

"நாங்கதாங்க."

எங்கள் ஆட்களை நோட்டில் ஏற்றிவிட்டார்கள். சம்பளத்தில் ஏற்றச் சொன்னால்தான் பேச்சுவார்த்தை தேவைப்படுகிறது. முதலாளிக்கு இந்த வம்பெல்லாம் தெரியாது. அவர் நோட்டையும் மீனம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பேத்திக்குக் காட்ட அந்த நோட்டைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, பையிலிருந்து இந்திய நூறு ரூபாய் ஒன்றை எடுத்து நீட்டினார். நூறுக்கு நூறு. எந்த மத்திய வங்கியும் இப்போது இலங்கை ரூபாய்க்குத் தராத விலை அது. மற்ற நோட்டுகளைச் சுருட்டிக் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கண்டக்டர்ட்ட மொத்தமா நூறா நீட்டுனா திட்டுவாரு, பாத்துக்கங்க" என்று மட்டும் எச்சரித்தார். காரில் போகிறவர், பஸ் ஏறிப் பல காலமாயிருக்க வேண்டும். ஆட்டோக்காரர் பஸ் விஷயம் தெரிந்தவர். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நோட்டை இரண்டாக, நாலாக மடித்துக்கொண்டிருந்த மீனம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். வாடகையும் வாங்கவில்லை. தப்பு தன்னுடையது என்றார்.

லாட்ஜ் வாசலில் மாயாண்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. கழுத்தில் சலூன் துண்டு. மீனம்மா ஆட்டோ ஏறியதை அவர் சலூன் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். எழுந்து ஓடி வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது. அப்போதிலிருந்து அங்கேயே நிற்கிறார். எந்தப் பக்கம் தேடிப் போவது என்று யாரைக் கேட்டாலும் "நேரா போங்க" என்றுதானே சொல்வார்கள். அத்தனை பணமும் இரண்டு பாஸ்போர்ட்டும் அவர் வயிற்றில் பத்திரமாக இருந்தன. பெண்சாதி மட்டும்தான் இல்லை.

"எங்க போன நீ?" சத்தமாகக் கேட்கிற மனிதர் மெதுவாகக் கேட்டார்.

"சல்லி மாத்த."

"எங்கிட்டக் கேட்டா நான் தர மாட்டேனா?"

"கேட்டா தருவீங்க. அதான் கேக்கல."

மாயாண்டி கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பக்கத்தையும் எடுத்துட்டு வாறேன். பஸ்ஸுல நாலு பேரு பாப்பாங்க" என்று சலூனுக்குள் போனார்.

சத்திரம் பஸ் நிலையத்தில் சீரங்கம் பஸ் நின்றது. மூஞ்சியில் ரோஸ் கலர் பூசிய டவுன் பஸ். ஏறி, ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். மீனம்மா ஜன்னல் பக்கத்தை மாயாண்டிக்கு விட்டுக்கொடுத்து, டிக்கெட் எடுக்கிறவர் உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்தார். மடித்த நோட்டு உள்ளங்கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது. கல் முதலாளி வேறு 'கண்டக்டர்' என்று சொல்லி வைத்திருந்தார். எங்கள் பக்கம் பஸ்ஸில் இருக்கிறவர் கொண்டக்டர்; தோட்டத்தில் வேலை வாங்குகிற உத்தியோகத்தரைத்தான் கண்டாக்கு என்போம். இங்கிலீஷ்காரன் விட்டுப்போன அதே சொல்தான். ஒரு கரையில் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கிழித்தது, மறு கரையில் மலையிலும் ஏறி அதிகாரம் பண்ணியது. கொழுந்து நிறுக்கும்போது கண்டாக்கய்யாவின் முகத்தை மீனம்மா நிமிர்ந்து பார்த்ததில்லை. தராசு முள்ளைத்தான் பார்ப்பார். இப்போது ஒரு கண்டாக்கு விசிலோடு தன்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"சீரங்கம் ரெண்டு டிக்கெட்டு குடுங்க, கண்டாக்கய்யா."

ஐயா பட்டம் கிடைத்ததில் அவர் நூறு ரூபாயைப் பார்த்தும் திட்டவில்லை. மாயாண்டியைக் காட்டி, "பெரியவருக்கு மட்டும் போதும். உங்களுக்கு டிக்கெட்டு இல்லம்மா" என்றார்.

மீனம்மாவின் கை நீட்டியபடியே நின்றுவிட்டது. உங்களுக்கு இல்லை. பெரியவருக்கு மட்டும். கடல் தாண்டி வந்தும் படிக்கட்டுக்குக் கீழேதான் நிறுத்துகிறார்கள்.

"ஏன் எனக்கு இல்ல? நான்தான் சல்லி குடுக்குறேன். எங்காசு இது" என்றார். பஸ் திரும்பிப் பார்த்தது.

பின் சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண், மீனம்மாவின் தோளைத் தொட்டு விளக்கினார். இந்த பஸ்ஸில் பொம்பளைகளுக்குக் காசு கிடையாது, அரசாங்கமே விட்டிருக்கிறது, இங்கே இருக்கிற பெண்கள் யாருமே காசு கொடுக்கவில்லை. "ஆம்பளைங்களுக்குத்தாங்க்கா காசு. எங்கூட்டு ஆளு பஸ்ஸேறணும்னா எங்கிட்டதான் சில்லற கேப்பாரு."

மாயாண்டிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷ ஆசைக்கு இப்படி ஒரு முடிவா என்று சிரித்தார். அவர் சிரிப்பு அடங்கும் வரை மீனம்மா யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை மறுபடி நீட்டினார்.

"அப்ப அவருக்கு மட்டும் குடுங்க. அவருக்கு நான் குடுக்குறேன்."

பூக்காரப் பெண், "பெரியவரே, இன்னைக்கு நீங்க அக்கா செலவு" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் பெண்கள். எல்லோரும் சிரித்தார்கள். மாயாண்டியின் கை வழக்கப்படி சட்டையைத் தூக்கப் போயிருந்தது. பாதி வயிறு தெரிகிற வரை தூக்கியவர், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, மெதுவாக இறக்கிவிட்டார்.

"நீங்க எதுக்கு?" என்றார் மீனம்மா. "நாந்தான் இருக்கேன்ல."

கண்டக்டர் மீனம்மாவுக்குக் காசில்லாத சீட்டையும் மாயாண்டிக்குக் காசுச் சீட்டையும் கிழித்துக் கொடுத்தார். சில்லறை இறங்கும்போது தருவதாகச் சொன்னார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அவ்வளவு அகலமான ஆற்றை மீனம்மா சரியாகப் பார்க்கவில்லையாம். நுவரெலியா சீசனுக்குப் போன அந்தப் பழைய பஸ்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தலையில் வைத்திருந்த பூ, கூட்டத்தில் நசுங்கிய வாசனை, கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டு வந்த பையன்களின் கூச்சல், புதுச்சட்டை போட்ட மாயாண்டியின் முழங்கை தன் மேல் இடிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு. "அன்னைக்கு இந்த மனுசன் எவ்வளவு ஒல்லியா இருந்தாரு தெரியுமா" என்று இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். பிறகு கேட்டால்தான் தொடருவார்.

சீரங்கத்தில் கண்டக்டர் மறக்காமல் மீதிச் சில்லறையை எண்ணி மீனம்மாவின் கையில் வைத்தார். மாயாண்டி முதலில் இறங்கி, கீழே நின்றுகொண்டு கையை நீட்டினார். பஸ் படி உயரம். மீனம்மா கடைசிப் படிக்கு வந்தார். அந்தக் கை எதற்காக நீண்டது என்று மாயாண்டியை நானும் கேட்டுப் பார்த்தேன். பிடித்து இறக்கிவிடத்தான் என்கிறார். மீனம்மா ஒரு கையால் சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு, மறு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஊருக்குத் திரும்பியது கொழும்பிலிருந்து நுவரெலியா வரை ஒரு பஸ், அங்கிருந்து அக்கரப்பத்தனைக்கு ஒரு பஸ். இரண்டாவது பஸ்ஸில் மத்தியானத்துக்கு மேல் ஏறினார்கள். ஸ்வெட்டர்கள் தலையணை உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பழைய வேலைக்கு வந்திருந்தன. கொண்டக்டர் சின்ன வயதுச் சிங்களப் பையன். மீனம்மா அவனிடம் சிங்களத்தில், இங்கே பெண்களுக்கு டிக்கெட் இல்லாமல் விடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தார். அவன் "ஆச்சி" என்று சிரித்துவிட்டு, இரண்டு டிக்கெட் என்று இரண்டு விரலைக் காட்டினான்.

மாயாண்டியின் கை இடுப்புப் பக்கம் போனது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தது போல மேலே வந்து, மழித்த கன்னத்தைச் சொறிந்தது. மீனம்மா லீக்ஸ் சல்லியை எடுத்துக் கொண்டக்டரிடம் நீட்டினார். இங்கே மாற்றத் தேவையில்லாத சல்லி. மாயாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே முழுக்கப் பனிமூட்டம். தேயிலையும் தெரியவில்லை, ரோட்டோரமும் தெரியவில்லை. இறங்குகிற வரைக்கும் அதையே கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.